வீடு காலி, ஆனால் நமக்கு இல்லை!

"ஹலோ, விளம்பரத்தில் போட்டிருக்கும் வீடு இன்னும் இருக்கிறதா?"

"இருக்கிறது. நாளைக்கே வந்து பார்க்கலாம். யூ சைனீஸா?"

"இல்லை, இந்தியர்."

"ஓ... சாரி லா. ஓனர் நேற்றே வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டாராம்."

பினாங்கில் வாடகை வீடு தேடி அலைந்த தமிழர்களுக்கு இந்த உரையாடலை விளக்க வேண்டிய அவசியமே இல்லை. பத்து நிமிடம் கழித்து அதே எண்ணுக்கு ஒரு சீன நண்பரைப் பேசச் சொல்லுங்கள். நேற்றே போய்விட்ட அந்த வீடு மீண்டும் காலியாகிவிடும்! சில வீட்டுக்காரர்கள் இந்தப் பொய்யைச் சொல்லும் சிரமத்தைக்கூட எடுத்துக்கொள்வதில்லை. "சீனர்களுக்கு மட்டும்", "இந்தியர் வேண்டாம்" என்று விளம்பரத்திலேயே எழுதிவிடுகிறார்கள்.

இப்படித் திருப்பி அனுப்பப்படுகிறவர்கள் யார்? பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வேலை கிடைத்து வரும் இளம் பொறியாளர். மருத்துவமனைக்கு மாற்றலாகி வரும் தாதி. கெடாவிலிருந்தோ பேராக்கிலிருந்தோ குடும்பத்தோடு வரும் ஆசிரியர். சம்பளச் சீட்டு இருக்கிறது. வைப்புத்தொகை கையில் இருக்கிறது. கடன் பாக்கி எதுவும் இல்லை. இருந்தும் அவர்களுடைய பெயரைக் கேட்டதும் கதவு மூடிக்கொள்கிறது. கடைசியில் வேலைக்கு வெகு தூரத்தில், கிடைத்த வீட்டில், கேட்ட வாடகையைக் கொடுத்துக் குடியேறுகிறார்கள். தினமும் பாலத்தைக் கடந்து வேலைக்குப் போவதும், பிள்ளைகளைப் பள்ளி மாற்றுவதும் அந்த ஒரு கேள்வியின் விலை.

இது தனிப்பட்ட மனிதர்களின் குறுகிய மனம் மட்டுமா? இல்லை என்பதே நம் வாதம். சட்டம் விட்டு வைத்திருக்கும் ஓட்டையில்தான் இந்த இனப்பாகுபாடு வளர்கிறது. அந்த ஓட்டையை அடைக்கச் சொல்லிக் கேட்பதற்கு முன்பு, நம் சமூகத்திலேயே வீட்டை வாடகைக்கு விடுகிறவர்களிடமும் சில வார்த்தைகள் பேச வேண்டியிருக்கிறது.

அரசியலமைப்புச் சட்டம் காப்பாற்றாதா?

"அரசியலமைப்புச் சட்டத்தின் 8ஆவது பிரிவு எல்லாரும் சமம் என்கிறதே, வழக்குப் போடலாமே?" என்று பலரும் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். 8ஆவது பிரிவு சமயம், இனம், வம்சாவளி, பிறந்த இடம், பால் ஆகிய காரணங்களுக்காகக் குடிமக்களிடையே பாகுபாடு காட்டக்கூடாது என்கிறது. ஆனால் அந்தத் தடை சட்டங்களுக்கும், அரசுப் பணி நியமனங்களுக்கும், அரசு நிர்வாகத்துக்கும் உரியது. ஒரு தனி மனிதர் இன்னொரு தனி மனிதருக்குச் செய்யும் பாகுபாட்டை அது தொடுவதில்லை. மலேசிய விமான நிறுவனத்துக்கு எதிராக ஒரு விமானப் பணிப்பெண் தொடுத்த பியட்ரிஸ் பெர்னாண்டஸ் வழக்கில், 2005ஆம் ஆண்டு கூட்டரசு நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. அரசியலமைப்புச் சட்டம் தரும் உரிமைகளை அரசுக்கு எதிராகத்தான் கேட்க முடியும். தனியார் மீறினால் அதற்கு வேறு சட்டம் வேண்டும்.

அந்த வேறு சட்டம் நம் நாட்டில் இல்லை. எல்லா வகை இனப்பாகுபாட்டையும் ஒழிக்கும் அனைத்துலக ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதாக 2018இல் புத்ராஜெயா சொன்னது. எதிர்ப்புக் கிளம்பியதும் அதே ஆண்டு நவம்பரில் பின்வாங்கியது. அந்த ஒப்பந்தத்தில் வீட்டுரிமையும் அடக்கம் என்பதைப் பலர் கவனிக்கவே இல்லை. அன்று தெருவில் இறங்கியவர்களும், இறங்காமல் வேடிக்கை பார்த்த நாமும், அதனால் ஒரு தமிழ்க் குடும்பத்தின் வீட்டு வாசல் அடைபடும் என்று நினைத்துப் பார்க்கவில்லை.

வாடகைக்கு ஒரு சட்டம் இருந்த காலம்

ஜார்ஜ்டவுன்வாசிகளுக்கு வாடகைச் சட்டம் என்றதும் பழைய நினைவு ஒன்று வரும். 1966ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1948 ஜனவரி 31ஆம் தேதிக்குள் கட்டப்பட்ட கட்டடங்களின் வாடகையைக் கட்டுப்படுத்தி வைத்திருந்தது. இப்படிப்பட்ட கட்டடங்கள் நிறைந்திருந்த நகரம் ஜார்ஜ்டவுன். லிட்டில் இந்தியாவைச் சுற்றியிருந்த கடைவீடுகளின் மாடிகளில் நம் தொழிலாளர் குடும்பங்கள் பல, தலைமுறை தலைமுறையாக மலிவான வாடகையில் வாழ்ந்தன.

அந்தச் சட்டத்தில் குறை இல்லை என்று நாம் சொல்லவில்லை. வருகிற வாடகையில் கூரை ஓட்டைக்கூட மாற்ற முடியாது என்று வீட்டுக்காரர்கள் புலம்பியது உண்மை. பழுது பார்க்கப்படாத வீடுகள் சிதைந்ததும் உண்மை. 1997ஆம் ஆண்டு நாடாளுமன்றம் அந்தச் சட்டத்தை நீக்கியது. மாறுதலுக்குக் கொடுத்த அவகாசம் 1999 டிசம்பர் 31ஆம் தேதி முடிந்தது. புத்தாயிரமாண்டு பிறந்த அன்று உலகம் வாணவேடிக்கை பார்த்தது. ஜார்ஜ்டவுனின் பழைய குடும்பங்களோ கையில் நோட்டீஸோடு நின்றன! வாடகை பல மடங்கு ஏறியது. உள்நகரம் காலியாகத் தொடங்கியது. 2008 ஜூலையில் யுனெஸ்கோ ஜார்ஜ்டவுனை உலக மரபுடைமை நகராக அறிவித்தது. சுவர்கள் காப்பாற்றப்பட்டன. அந்தச் சுவர்களுக்குள் வாழ்ந்தவர்களில் எத்தனையோ பேர் அதற்கு முன்பே வெளியேறிவிட்டார்கள்.

நம் குற்றச்சாட்டு பழைய சட்டத்தை நீக்கியது பற்றியது அல்ல. அதன் இடத்தில் வேறொன்றை வைக்காமல் போனதுதான் தவறு. இன்று வீட்டு வாடகைக்கென்று தனிச் சட்டம் இல்லை. ஒப்பந்தச் சட்டம் ஒரு பக்கம், தேசிய நிலச் சட்டம் ஒரு பக்கம், 1950ஆம் ஆண்டுக் குறிப்பிட்ட நிவாரணச் சட்டம் ஒரு பக்கம், 1951ஆம் ஆண்டு வாடகைப் பாக்கிக்குப் பொருள்களைக் கைப்பற்றும் சட்டம் ஒரு பக்கம், குடிநாள் முடிந்தும் போகாதவரிடம் இரட்டை வாடகை கேட்க 1956ஆம் ஆண்டு உரிமையியல் சட்டம் ஒரு பக்கம் என்று துண்டு துண்டாகக் கிடக்கின்றன. வைப்புத்தொகை எவ்வளவு கேட்கலாம், எத்தனை நாளில் திருப்பித் தர வேண்டும், யாருக்கு வீடு இல்லை என்று சொல்லக்கூடாது ஆகிய எதற்கும் இவற்றில் பதில் இல்லை. குடியிருப்பு வாடகைச் சட்டம் வரும் என்று 2018க்குப் பிறகு வந்த அரசாங்கங்கள் மாறி மாறிச் சொல்லிவிட்டன. அமைச்சர்கள் மாறினார்கள், ஆட்சிகள் மாறின. சட்டம் மட்டும் வரவில்லை!

வீட்டுக்காரரின் பயத்தையும் கேட்போம்

வீட்டுக்காரர் தரப்பைக் கேட்காமல் தீர்ப்புச் சொல்வது வழக்கறிஞருக்கு அழகல்ல. ஒற்றை வீட்டை வாடகைக்கு விடுகிறவர்களில் பெரும் பணக்காரர்கள் குறைவு. சேமநிதிப் பணத்தைப் போட்டு, மீதிக்கு வங்கிக் கடன் வாங்கி, ஓய்வுக் காலத்துக்கு ஆகும் என்று ஒரு தெரஸ் வீட்டை வாங்கியவர்களே அதிகம். குடியிருப்பவர் மூன்று மாதம் வாடகை கொடுக்காவிட்டால் வங்கி தவணையை நிறுத்தி வைக்குமா? குடியிருப்பவரை வெளியேற்ற நீதிமன்றம் போனால் மாதக்கணக்கில் இழுக்கும், செலவும் ஆகும். இந்தப் பயத்தில்தான் அவர் ஆளைப் பார்த்து எடை போடுகிறார். ஆளை அளக்க முறையான வழி எதுவும் கையில் இல்லாதபோது, தோலின் நிறத்தையும் பெயரையும் அளவுகோலாக எடுத்துக்கொள்கிறார். எங்கோ ஒருவர் வாடகை பாக்கி வைத்துவிட்டு ஓடிய கதையைக் கேட்டு, இருபது லட்சம் பேருக்கும் ஒரே முத்திரை குத்திவிடுகிறார்.

பயம் உண்மையாக இருக்கலாம். அந்த அளவுகோல் பொய். வாடகை கொடுக்காமல் ஓடுகிறவர் எல்லா இனத்திலும் இருக்கிறார். ஒழுங்காகக் கொடுப்பவரும் எல்லா இனத்திலும் இருக்கிறார். சம்பளச் சீட்டும், முந்தைய வீட்டுக்காரரின் ஒரு வார்த்தையும் சொல்லும் உண்மையை அடையாள அட்டையில் இருக்கும் பெயர் ஒருபோதும் சொல்லாது.

கணக்காகவே பார்ப்போம். மாதம் 1,500 ரிங்கிட் வாடகை வரக்கூடிய ஒரு வீடு. 'சரியான இனத்து ஆள்' வரட்டும் என்று இரண்டு மாதம் பூட்டி வைத்தால் 3,000 ரிங்கிட் போய்விடும். அது ஓராண்டு வாடகையில் ஆறில் ஒரு பங்கு! அந்த இரண்டு மாதமும் வங்கித் தவணை ஓடுகிறது, மதிப்பீட்டு வரி ஓடுகிறது, பூட்டிய வீட்டில் கறையானும் வேலையைத் தொடங்கிவிடுகிறது. பாகுபாடு பாவம் என்று நம்பாதவர்கள்கூட, அது நட்டம் என்பதையாவது ஒப்புக்கொள்ளலாம்.

நம் வீட்டு வாசலில் என்ன எழுதியிருக்கிறது?

இதை எழுதும்போது ஒரு சம்பவத்தை மறைக்க மனம் வரவில்லை. சில ஆண்டுகளுக்கு முன்பு, பணி ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் வாடகை ஒப்பந்தம் எழுத என் அலுவலகத்துக்கு வந்தார். தமிழர். கோயில் காரியங்களில் முன்னால் நிற்பவர். தமிழ்ப்பள்ளிக்கு நன்கொடை கேட்டால் முகம் சுளிக்காதவர். குளுகோரில் அவருக்கு இரண்டாவது வீடு ஒன்று இருந்தது. பேச்சுவாக்கில், "முகவரிடம் சொல்லிவிட்டேன், சீனக் குடும்பமாகப் பாருங்கள், நம்மாட்கள் வேண்டாம் என்று. நமக்குத் தெரியாதா நம்மாட்களை!" என்று சொல்லிச் சிரித்தார்.

நானும் சிரித்தேன். ஒப்பந்தத்தை எழுதிக் கொடுத்து, கட்டணத்தையும் வாங்கிக்கொண்டேன். அதற்கு முந்தைய வாரம்தான் ஒரு கருத்தரங்கில் இனப்பாகுபாட்டை எதிர்த்து முழங்கிவிட்டு வந்திருந்தேன்! ஊருக்கு உபதேசம் சொல்கிறவனின் லட்சணம் அது. அன்று நான் கேட்காமல் விட்ட கேள்வியை இன்று இங்கே கேட்கிறேன்: ஐயா, உங்கள் மகனுக்குக் கோலாலம்பூரில் ஒருவர் இதே காரணத்தைச் சொல்லி வீடு மறுத்தால், அன்றும் சிரிப்பீர்களா?

நம்மில் ஒருவரே நம்மை மறுக்கும்போது, மற்றவருக்கு அது சாட்சிக் கடிதமாகிவிடுகிறது. "அவர்களே அவர்கள் ஆளுக்குக் கொடுப்பதில்லை" என்று முகவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். அதற்கு நம்மிடம் பதில் இல்லை.

இதே நோய் தமிழ்நாட்டிலும் உண்டு. சென்னையில் "சைவம் மட்டும்" என்று வாடகைப் பலகை தொங்கினால் அது சமையலறையைப் பற்றிய செய்தி மட்டும் அல்ல என்பது எல்லாருக்கும் தெரியும். சாதியின் பெயரால் கதவடைப்பதும் இனத்தின் பெயரால் கதவடைப்பதும் ஒரே பூட்டுதான்.

வாடகைக்கு விடும் நம்மவர்களுக்கு

வீட்டில் முதலீடு செய்வது தவறல்ல. நம் சமூகத்தில் இன்னும் பலர் அதைச் செய்ய வேண்டும் என்பதே நம் விருப்பம். ஆனால் முறையாகச் செய்யுங்கள். முறை இருந்தால் இனம் பார்க்கும் தேவையே வராது.

1. ஒப்பந்தம் எழுத்தில் இருக்கட்டும். "நம்ம பையன்தானே" என்று வாய்ப்பேச்சில் சாவி கொடுத்துவிட்டுப் பிறகு அலுவலகத்தில் வந்து அழுகிறவர்களில் நம்மவர் அதிகம். நம்மவர் நம்மவருக்குக் கொடுக்கும்போதுதான் எழுத்து அதிகம் தேவைப்படுகிறது.

2. முத்திரை வரி கட்டுங்கள். வரி கட்டாத ஒப்பந்தத்தை நீதிமன்றம் சான்றாக ஏற்காது. இப்போதைய விகிதப்படி, மாதம் 1,500 ரிங்கிட் வாடகையில் ஓராண்டு ஒப்பந்தத்துக்கு ஆகும் வரி 72 ரிங்கிட். ஒரு வழக்கறிஞரின் கடிதத்துக்கு ஆகும் செலவைவிட இது குறைவு!

3. விண்ணப்பிப்பவர் எல்லாரிடமும் ஒரே ஆவணங்களைக் கேளுங்கள்: மூன்று மாதச் சம்பளச் சீட்டு, முதலாளியின் கடிதம், முந்தைய வீட்டுக்காரரின் தொலைபேசி எண். சீனரிடம் கேட்காததை இந்தியரிடம் கேட்காதீர்கள். இந்தியரிடம் கேட்பதைச் சீனரிடமும் கேளுங்கள்.

4. சாவி கொடுக்கும் அன்று இரு தரப்பும் சேர்ந்து வீட்டைப் படம் எடுத்து, பொருள்களின் பட்டியலில் கையெழுத்திடுங்கள். வைப்புத்தொகைச் சண்டையில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும்.

5. வாடகைப் பாக்கிக்காகத் தண்ணீரையும் மின்சாரத்தையும் வெட்டாதீர்கள், பூட்டை மாற்றாதீர்கள். ஒப்பந்தம் முடிந்த பின்னும் ஒருவர் வெளியேறாவிட்டால் நீதிமன்றத்தின் வழியாகத்தான் வீட்டை மீட்க முடியும் என்று குறிப்பிட்ட நிவாரணச் சட்டத்தின் 7ஆவது பிரிவு சொல்கிறது. பாக்கிக்கு நீதிமன்ற ஆணை பெற்று, பன்னிரண்டு மாத வாடகை வரை, வீட்டிலுள்ள பொருள்களைக் கைப்பற்றக் கேட்கலாம். கையில் சட்டம் இருக்கும்போது கையால் சட்டம் செய்ய வேண்டாம்.

6. வாடகை வருமானத்தை வருமானவரிக் கணக்கில் காட்டுங்கள். கடன் வட்டி, மதிப்பீட்டு வரி, நிலவரி, பழுதுபார்ப்புச் செலவு ஆகியவற்றைக் கழித்துக்கொள்ள இடம் இருக்கிறது.

வீடு தேடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. இனத்தைச் சொல்லி மறுத்தால், அந்த விளம்பரத்தையும் குறுஞ்செய்தியையும் தேதியோடு சேமித்து வையுங்கள். இன்று வழக்குத் தொடர சட்டம் இல்லாமல் இருக்கலாம். ஆனால் சட்டம் கேட்டுப் போகும்போது "அப்படியெல்லாம் நடப்பதில்லை" என்று ஒரு அமைச்சர் சொன்னால், மேசை மேல் வைக்க நம்மிடம் காகிதம் இருக்க வேண்டும். நல்ல வாடகைதாரர் என்பதற்கு ஆதாரமாக, ஒவ்வொரு வீட்டை விட்டுப் போகும்போதும் வீட்டுக்காரரிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த கதவைத் திறக்க அது உதவும்.

மற்ற நாடுகள் செய்தது

"என் வீடு, என் விருப்பம். யாருக்குக் கொடுப்பது என்று அரசாங்கமா சொல்வது?" என்ற கேள்வி கட்டாயம் வரும். இந்தக் கேள்வி பழையது, பதிலும் பழையது. பிரிட்டனில் 1950களில் "கறுப்பர் வேண்டாம்" என்ற பலகைகள் வீட்டுச் சன்னல்களில் தொங்கின. 1965இல் வந்த அவர்களுடைய முதல் இன உறவுச் சட்டம் வீட்டைத் தொடவில்லை. குறையை உணர்ந்து 1968இல் வீட்டையும் சேர்த்தார்கள். அதே 1968 ஏப்ரலில், மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்ட ஒரு வாரத்தில், அமெரிக்கா வீட்டு விற்பனையிலும் வாடகையிலும் இனப்பாகுபாட்டைத் தடை செய்தது. சிறு வீட்டுக்காரர்கள் சிலருக்கு அந்தச் சட்டம் விலக்குத் தந்தது. ஆனால் விலக்குப் பெற்றவர்கூட இனத்தைச் சொல்லி விளம்பரம் செய்யக்கூடாது என்று கோடு போட்டது. தமிழ்நாட்டில் 2017இல் நிறைவேறி 2019 பிப்ரவரியில் நடப்புக்கு வந்த சட்டம், எழுத்து ஒப்பந்தத்தையும் அதன் பதிவையும் கட்டாயமாக்கி, சச்சரவுகளுக்கு வாடகை அதிகாரியையும் வைத்திருக்கிறது. சாதிப் பாகுபாட்டை அது தொடவில்லை என்பது குறை. ஆனாலும் ஒழுங்கு என்று ஒன்று அங்கே தொடங்கியிருக்கிறது.

தன் சொந்த வீட்டுக்குள் ஓர் அறையை வாடகைக்கு விடுகிறவருக்குத் தன்னோடு யார் வாழ்வது என்று தேர்ந்தெடுக்கும் உரிமை வேண்டும் என்றால், அதை நாம் ஒப்புக்கொள்கிறோம். ஆனால் தான் குடியிருக்காத ஒரு முழு வீட்டைச் சந்தையில் வைத்து வருமானம் பார்ப்பது வியாபாரம். கடை திறந்தவர், "உன் இனத்துக்கு அரிசி இல்லை" என்று சொல்ல முடியுமா?

நாம் கேட்பது

ஒன்று, குடியிருப்பு வாடகைச் சட்டத்தை இனியும் தள்ளிப் போடாமல் நாடாளுமன்றத்தில் வையுங்கள். இனம், சமயம் காரணமாக வீடு மறுப்பதையும், அப்படி விளம்பரம் செய்வதையும் அதில் வெளிப்படையாகத் தடை செய்யுங்கள். அந்த வரி இல்லாத சட்டம் நமக்குப் பாதிச் சட்டம்தான்.

இரண்டு, வைப்புத்தொகையை வீட்டுக்காரர் கையில் விடாமல் பொது அமைப்பொன்றில் வையுங்கள். வாடகைச் சச்சரவுகளை வாரங்களில் தீர்க்கும் தீர்ப்பாயம் அமையுங்கள். வீட்டுக்காரரின் பயம் குறைந்தால் பாகுபாட்டுக்கான சாக்கும் குறையும்.

மூன்று, இதற்குப் புதிய சட்டம்கூட வேண்டாம். சொத்து முகவர்கள் 1981ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் பதிவு பெற்றவர்கள். அவர்களை மேற்பார்வையிடும் வாரியம் மனம் வைத்தால், "யூ சைனீஸா?" என்று கேட்கும் முகவரையும், இனத்தைப் போட்டு விளம்பரம் எழுதும் முகவரையும் நடத்தை விதியின்கீழ் தண்டிக்கலாம்.

நான்கு, நம் கோயில்களும் சங்கங்களும் தங்கள் கட்டடங்களை வாடகைக்கு விடும்போது, எல்லா இனத்தாருக்கும் ஒரே எழுத்து ஒப்பந்தத்தைப் பயன்படுத்திக் காட்டுங்கள். நாம் கேட்பதை நாமே முதலில் செய்தால் அந்தக் குரலுக்குப் பலம் கூடும்.

அந்தப் பெரியவரின் ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டி வந்தால் மீண்டும் என் மேசைக்கு வரும். இந்த முறை சிரிக்கப் போவதில்லை. இந்தத் தலையங்கத்தின் பிரதி ஒன்றை எடுத்து, ஒப்பந்தத்தோடு சேர்த்து அவர் கையில் கொடுக்கப் போகிறேன். கட்டணம் போனாலும் பரவாயில்லை. உங்களுக்குத் தெரிந்த வீட்டுக்காரர் ஒருவர் இருந்தால், நீங்களும் அதையே செய்யுங்கள்.